கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளுமா?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2011ஆம் ஆண்டு மெக்கானிக்கல் முடித்து வெளியே போனவன். இந்த மேடையில் ஏறுவது எனக்கு இதுவே முதல் தடவை. படிக்கும்போது மேடைக்குக் கீழே ஒயர் இழுத்துக்கொண்டிருந்த கோஷ்டி நான். சங்கச் செயலாளர் போன் செய்து, "தம்பி, உன் தொழிலைப் பற்றி அரை மணி நேரம் பேசு" என்றார். என் தொழில் என்னவென்று வீட்டிலேயே யாருக்கும் சரியாகத் தெரியாது. "வெல்டிங்குக்கு எக்ஸ்ரே எடுக்கிறான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார். அது கிட்டத்தட்ட சரிதான்.

பாய்லர் குழாய், நீராவிக் குழாய், எண்ணெய்க் குழாய் இவற்றையெல்லாம் பற்றவைத்து இணைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெல்டிங் அழகாக இருக்கும். உள்ளே விரிசல் இருக்கலாம், கசடு மாட்டியிருக்கலாம், காற்றுக் குமிழ் இருக்கலாம், அடிவரை உருகிச் சேராமலும் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு பக்கம் கதிரியக்கப் பொருளும் மறுபக்கம் ஃபிலிமும் வைத்துப் படம் எடுப்போம். இரும்பு எங்கே குறைவோ அங்கே கதிர் அதிகமாகக் கடந்து, ஃபிலிமில் கறுப்பாக விழும். இதற்கு ரேடியோகிராபி என்று பெயர். இரும்புக்கு எடுத்தாலும் மனிதனுக்கு எடுத்தாலும் அடிப்படை ஒன்றே. இரும்பு கனமானது என்பதால் அதற்கு இன்னும் வலுவான கதிர் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கதிரை எங்களுக்குக் கொடுப்பது இரிடியம்-192 என்ற பொருள். பென்சில் முனை அளவுதான் இருக்கும். இரும்பு உறைக்குள் அடைத்து, ஒரு குட்டைக் கம்பி வடத்தின் நுனியில் பொருத்தியிருப்பார்கள். பன்றிவால் மாதிரி இருப்பதால் 'பிக்டெயில்' என்போம். அது தூங்கும் பெட்டிக்குப் பெயர் கேமரா. இருபது கிலோ கனக்கும், ஏனென்றால் உள்ளே செறிவு குறைந்த யுரேனியத்தால் கவசம் போட்டிருக்கும். கதிரியக்கப் பொருளுக்குக் காவலாக இன்னொரு கதிரியக்கப் பொருள்! கைப்பிடியைச் சுற்றினால் பிக்டெயில் பெட்டியை விட்டு ஒரு குழாய் வழியாக ஊர்ந்துபோய் வெல்டிங் பக்கத்தில் நிற்கும். திரும்பச் சுற்றினால் பெட்டிக்குள் வந்துவிடும். வந்துவிட வேண்டும்.

கதிரியக்கம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சில அணுக்களின் கரு நிலையாக நிற்க முடியாமல் தவிக்கும். கூட்டம் அதிகமான பஸ் மாதிரி. உள்ளே இருப்பதில் எதையாவது வெளியே தள்ளினால்தான் அதற்கு நிம்மதி. அப்படித் தள்ளுவது ஆல்ஃபா துகளாக இருந்தால் ஒரு தாள் போதும், தடுத்துவிடலாம். பீட்டாவாக இருந்தால் சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வேண்டும். கூடவே பல சமயம் காமா கதிரும் வரும். அது ஒளியின் அண்ணன், வலுவில் மட்டும் பெரியவன். அதற்கு ஈயமோ கனத்த கான்கிரீட்டோ வேண்டும். ஆல்ஃபாவைத் தாளே தடுக்கிறது என்பதற்காக அதை இளக்காரமாக நினைக்கக்கூடாது. மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போய்விட்டால் மூன்றிலும் அதுதான் பொல்லாதது. உள்ளே தாள் வைத்து மறைக்க ஆள் கிடையாது.

எந்தக் கரு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கில் சேர்ந்திருக்கும்போது பாதி உடைய எவ்வளவு காலம் என்று துல்லியமாகச் சொல்லலாம். அதுதான் அரை ஆயுள். இரிடியம்-192க்கு 74 நாள். தைராய்டு வைத்தியத்துக்குக் கொடுக்கும் அயோடின்-131க்கு 8 நாள். கோபால்ட்-60க்கு ஐந்தேகால் வருஷம். எங்கள் தொழிலில் இந்த 74 நாள் பெரிய தலைவலி. பொங்கலுக்கு 40 கியூரியாக வாங்கிய பொருள் பங்குனி முடிவதற்குள் 20 ஆகிவிடும். ஒரு படத்துக்கு ஆகும் நேரம் இரட்டிப்பாகும். புதிது வாங்கப் பணம் வேண்டும், பழையதோடு ஓட்டினால் ராத்திரி முழுக்க விழிக்க வேண்டும். காண்ட்ராக்டர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று அண்ணன்மார்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

உடம்பில் எவ்வளவு பட்டது என்பதை மில்லி சீவெர்ட்டில் அளக்கிறோம். நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே மண், காற்று, வானம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் உலக சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லி சீவெர்ட் நம்மேல் படுகிறது. நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்திலேயே ஒரு பங்கு கதிரியக்கமுள்ளது. வளர்ந்த ஆளின் உடம்பில் வினாடிக்குச் சுமார் நாலாயிரம் அணுக்கள் அதனால் மட்டும் உடைந்துகொண்டிருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை இப்போது சந்தேகமாகப் பார்க்க வேண்டாம், உங்களிடமிருந்தும் அவருக்கு வருகிறது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. பக்கத்துக் கேரளத்தில் கருநாகப்பள்ளியிலும் அதே மணல். அங்கே பரம்பரையாகக் குடியிருப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆனாலும் பாதுகாப்பு விதி எழுதுகிறவர்கள், கொஞ்சம் பட்டாலும் கொஞ்சம் ஆபத்து உண்டு என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். அது நல்லது என்பதே என் கட்சி. தெரியாத இடத்தில் ஜாக்கிரதைப் பக்கம் சாய்வது இன்ஜினியர் வேலை. நம் நாட்டு விதிப்படி, என்னைப் போன்ற தொழிலாளிக்கு ஐந்து வருஷ சராசரியாக ஆண்டுக்கு 20, எந்த ஒரு வருஷத்திலும் 30 மில்லி சீவெர்ட்டைத் தாண்டக்கூடாது. தொழிலில் இல்லாத பொதுமக்களுக்கு, இயற்கையும் வைத்தியமும் போக, ஆண்டுக்கு 1. உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் 4000 வாக்கில் பட்டு, வைத்தியமும் இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள்.

இந்த 1 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி என் கதைக்கு வருகிறேன். இதை எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை.

2013இல் ஒரு மின் நிலையக் கட்டுமான இடத்தில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். கம்பெனி பெயரும் ஊரும் வேண்டாம். ரேடியோகிராபி எப்போதும் ராத்திரியில்தான் நடக்கும். மற்ற ஆட்கள் போனபிறகு கயிறு கட்டி, சிவப்பு விளக்கு போட்டு ஆரம்பிப்போம். எங்கள் குழுவில் நான், ஒரு சீனியர் டெக்னீஷியன், ஒரு ஜூனியர், மூன்று பேருக்கும் நெஞ்சில் டி.எல்.டி. பேட்ஜ் இருந்தது. எவ்வளவு கதிர் பட்டது என்று மூன்று மாதத்துக்கொரு முறை அதை அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். நாலாவதாக ஒரு ஹெல்பர் அண்ணன். காண்ட்ராக்ட் ஆள். நாற்பது வயதிருக்கும். சாரத்தில் ஏறி ஃபிலிம் கட்டுவது, அவிழ்ப்பது, ஒயர் சுருட்டுவது அவர் வேலை. அவருக்கு பேட்ஜ் இல்லை. பேட்ஜ் இல்லாத ஆள் கயிற்றுக்கு உள்ளே வரவே கூடாது என்பது விதி. விதி எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதிப் பாஸ் ஆனவன் நான்.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். பதினோராவது ஷாட். நேரம் முடிந்ததும் டெக்னீஷியன் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினார். "வந்துடுச்சு" என்றார். சுற்றின எண்ணிக்கையை வைத்து ஒரு பழக்கத்தில் சொல்லிவிட்டார். அளவுமானியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் போய்ப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் போக வேண்டும். மானி ஜீப்பில் கிடந்தது. நான் எடுத்துவரத் திரும்பினேன். அதற்குள் ஹெல்பர் அண்ணன், விடிவதற்குள் இன்னும் ஆறு ஜாயிண்ட் இருக்கிறதே என்ற அவசரத்தில் மேலே ஏறிவிட்டார்.

மானியைப் போட்டதும் முள் ஒரேயடியாகக் கடைசிக்குப் போய் நின்றது. பிக்டெயில் குழாயின் நடுவில் ஒரு நெளிவில் மாட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, இறங்குங்க! விட்டுட்டு ஓடியாங்க!" என்று கத்தினேன். அவர் ஃபிலிமைப் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்கினார். கம்பெனிப் பொருள் ஆயிற்றே.

மாட்டின பொருளைப் பெட்டிக்குள் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. அதில் எங்களுக்குப் பயிற்சி உண்டு, அதைச் சரியாகவே செய்தோம். பிறகு ஜீப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்று பொருளின் வலு 30 கியூரி. ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 150 மில்லி சீவெர்ட். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தும்போது பார்த்திருப்பீர்கள், ஓரடி பின்னால் நகர்ந்தாலே முகத்தில் சூடு குறையும். காமா கதிரும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்கு, தூரம் பாதியானால் கதிர் நாலு பங்கு. அவர் அரை மீட்டரில் நின்றார். அப்படியானால் மணிக்கு 600, நிமிஷத்துக்கு 10. நாற்பது வினாடி நின்றிருப்பார். ஆக 7 மில்லி சீவெர்ட்டுக்குக் கிட்டத்தில். வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய இதே அளவு படும். முடி கொட்டாது, வாந்தி வராது, ரத்தப் பரிசோதனையில்கூடத் தெரியாது. அந்தக் குழாயைக் கையால் பிடித்திருந்தால் கதை வேறு. ஒரு சென்டிமீட்டரில் ஒரு நிமிஷத்துக்கு 25,000 மில்லி சீவெர்ட். விரல் போயிருக்கும்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தது. அதற்கப்புறம் நான் செய்ததுதான் தப்பு. பதிவேட்டில் "பொருள் குழாயில் மாட்டியது, மீட்கப்பட்டது, பேட்ஜ் அணிந்த மூவருக்கும் வரம்புக்கு மேல் கதிர் படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. நாலாவது ஆள் அதில் இல்லை. எழுதினால் பேட்ஜ் இல்லாத ஆள் உள்ளே எப்படி வந்தான் என்று கேட்பார்கள், வேலை நிற்கும், என் வேலையும் போகலாம். 7 தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 என்று சற்றுமுன் சொன்னேனே, அந்த எண் அன்று என் நினைவுக்கு வந்தது. வந்தும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து அந்த அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், இது உடம்புல ஒட்டிக்குமா?" என்று கேட்டார். ஏன் என்றேன். "வீட்டுல எட்டு மாசக் கைக்குழந்த இருக்கு சார். அன்னைலேருந்து நான் திண்ணையிலதான் படுக்குறேன். புள்ளைய இன்னும் தூக்கல. இனிமே தூக்கலாமா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு எவ்வளவு பட்டது என்று கணக்குப் போட எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது. அந்தக் கணக்கை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. ஜீப்பில் போட்ட கணக்கு ஜீப்பிலேயே இருந்துவிட்டது. பத்து நாள் அந்த மனிதர் பெற்ற பிள்ளையைத் தொடாமல் இருந்திருக்கிறார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். டார்ச் அடித்தால் சுவரில் வெளிச்சம் படுகிறது. டார்ச்சை அணைத்தால் சுவர் ஒளி விடுவதில்லை. எங்கள் பொருள் உறைக்குள் மூடியிருப்பது. அதிலிருந்து வரும் காமா கதிர் உடம்பில் பட்டால் அந்த நேரத்துக்குச் சேதம் செய்யும், ஆனால் உடம்பைக் கதிரியக்கமாக மாற்றாது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவர் மற்றவருக்கு எக்ஸ்ரே கொடுப்பதில்லை. உறை உடைந்து தூளாகச் சிந்தினால்தான் ஒட்டும், அது வேறு விஷயம். "தாராளமா தூக்குங்கண்ணே, இப்பவே போய்த் தூக்குங்க" என்றேன். அவர் அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனார்.

ஒட்டும் வகைக்கு உதாரணம் பிரேசிலில் கோயானியா. 1987இல் கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்திலிருந்து பழைய கருவி ஒன்றை இரும்புக்காக எடுத்துப் போய் உடைத்தார்கள். உள்ளே சீசியம்-137 தூள். இருட்டில் நீலமாக மினுங்கியது. அழகாயிருக்கிறதே என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் பங்கு கொடுத்தார்கள். நாலு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுப் பெண் குழந்தை. அந்தத் தூள் பட்ட கையோடு அது சாப்பிட்டிருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்ததில் 249 பேரிடம் தூள் ஒட்டியிருந்தது. அந்த ஊரில் குழந்தையைத் தூக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தால் பதில் நேர்மாறாக இருந்திருக்கும். அதனால்தான் "பயப்படாதே" என்று பொதுவாகச் சொல்வதும் தப்பு, "பயப்படு" என்று பொதுவாகச் சொல்வதும் தப்பு. எந்தப் பொருள், எவ்வளவு, மூடியா திறந்தா, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். கூடங்குளம் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். கேட்கிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது.

இந்தப் பொருளின் வரலாற்றில் சட்டைப்பைக்கு ஒரு தனி இடம் உண்டு. கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த பெக்கரெல் 1901இல் கொஞ்சம் ரேடியத்தைக் கோட்டுக்கு உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சில நாள் கழித்து அந்த இடத்தில் தோல் வெந்து புண்ணானது. கதிர் திசுவைக் கொல்லும் என்பது அப்படித்தான் உறைத்தது, அதிலிருந்துதான் புற்றுநோய்க்கு வைத்தியமும் பிறந்தது. 1999இல் பெரு நாட்டில் யானாங்கோ நீர்மின் நிலையத்தில் ஒரு வெல்டர் கீழே கிடந்த பிக்டெயிலை எடுத்து பேன்ட் பின்பையில் போட்டுக்கொண்டு பல மணி நேரம் வேலை பார்த்தார். எங்கள் தொழிலில் பயன்படுகிற அதே இரிடியம், 37 கியூரி. அவருக்கு ஒரு கால் போயிற்று. மனைவிக்கும் தோலில் புண் வந்தது.

அடுத்தது நம் நாடு, 2010. நான் இங்கே மூன்றாம் ஆண்டு. டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், ஒரு கருவியைப் பிரித்த ஆட்களுக்கு உடம்பு கறுத்து முடி கொட்டியது. ஒருவர் இறந்தார். கோபால்ட்-60. ஒரு கடைக்காரர் அதன் துண்டைப் பர்ஸில் வைத்திருந்தார். மறுபடியும் பை! அந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று தேடினால், டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை. 1960களின் இறுதியில் வாங்கினது, 1985க்குப் பிறகு யாரும் தொடாதது, 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு ஏலத்தில் போனது. வாங்கினவருக்குத் தெரிந்திருந்தது, பயன்படுத்தினவருக்குத் தெரிந்திருந்தது. ஏலம் போட்ட காலத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை.

பயன்களைப் பற்றிப் பேசாமல் போனால் என் சோற்றில் நானே மண் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரி ஊசி, நூல், கையுறையெல்லாம் கோபால்ட் கதிரில்தான் கிருமி நீக்கப்படுகின்றன. டிராம்பேயில் இதற்கான ஆலை 1974இலேயே வந்துவிட்டது. வெங்காயம் முளைவிடாமல் இருக்க நாசிக் பக்கம் லாசல்காவில் 2002இல் ஒரு நிலையம் வந்தது. கதிர் பட்ட வெங்காயம் கதிர் விடாது, காரணம் மேலே சொன்ன டார்ச்தான். கதிர் கொண்டு உருவாக்கிய நிலக்கடலை ரகங்களை விவசாயிகள் பயிரிடுகிறார்கள். புற்றுநோய்க்கு எத்தனையோ குடும்பங்கள் கோபால்ட் கருவிக்கு முன்னால் வரிசையில் நின்று பிழைத்திருக்கின்றன. இந்த மண்டபத்திலேயே அப்படிப் பிழைத்தவர்கள் இருப்பீர்கள்.

ஹெல்பர் அண்ணனுக்கு பேட்ஜ் வாங்க அந்த மாதமே எழுதிப் போட்டேன். வருவதற்குள் காண்ட்ராக்ட் முடிந்து போய்விட்டார். பிற்பாடு அவர் கொடுத்த நம்பருக்கு அடித்தால் வேறு யாரோ எடுத்தார்கள். அந்த 7 மில்லி சீவெர்ட் இன்றுவரை எந்த ஏட்டிலும் இல்லை. இன்று இந்த மலரில் அச்சாவதுதான் அதற்கு முதல் பதிவு. இன்னொன்று, எங்கள் எச்சரிக்கைப் பலகை இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். இப்போது நான் பொறுப்பில் இருக்கிற இடத்தில் பலகை தமிழ், இந்தி, வங்காளம், ஒடியா நான்கிலும் இருக்கிறது. ஆட்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். கயிற்றுக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் பேட்ஜ், ஆளுக்கொரு மானி.

கடைசியாக ஒன்று. மாயாபுரி செய்தி வந்த வாரம் நம் இயற்பியல் ஆய்வக ஐயாவிடம் போய், "நம்மகிட்ட எதாவது இருக்காங்கய்யா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து, ஈயக் கிண்ணத்தில் ஒரு வட்டத்தகட்டைக் காட்டினார். கோபால்ட்-60, 5 மைக்ரோ கியூரி, 1990இல் வாங்கினது. எங்கள் பொருளில் அறுபது லட்சத்தில் ஒரு பங்கு, அதுவும் வாங்கின அன்று. இப்போது கிட்டத்தட்ட ஏழு அரை ஆயுள் போய்விட்டது, நூறில் ஒரு பங்குதான் மிச்சம். எந்த ஆபத்தும் இல்லை. ஐயா ஓய்வு பெற்றுவிட்டார். சென்ற மாதம் துறையில் விசாரித்தேன். இரண்டு நாள் தேடி, பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர் பெட்டிக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். இருப்புப் பதிவேட்டில் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது புதிதாக எழுதி, பீரோவில் பெயர் ஒட்டி, சாவி யாரிடம் என்றும் எழுதியாயிற்று.

நாளை காலை பத்து மணிக்கு இயற்பியல் ஆய்வகத்தில் கெய்கர் கவுண்டரை வெளியே எடுத்து வைக்கிறோம். மாணவர்கள் வாருங்கள். வீட்டில் பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டில் இருந்தால் கொண்டுவாருங்கள், அதில் தோரியம் இருக்கலாம், கவுண்டர் டிக் டிக்கென்று சொல்லும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மாணவர் யாராவது இருந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பிடி மணல். அண்ணன்மார்களும் வரலாம், பேட்ஜ் தேவையில்லை.